யார் வீட்டுக்கு எந்த விண்டோஸ்

"பில்லு போடத்தான் உன்ன எடுத்திருக்குது. எந்த விண்டோஸ் வாங்கறதுன்னு உன்னாண்ட எவன் வந்து கேக்கப்போறான்?"

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. விலைப் பட்டியலில் ஒரே மாதிரி மெஷினுக்கு நேராக ஓர் இடத்தில் 'ஹோம்' என்றும் இன்னோர் இடத்தில் 'புரோ' என்றும் போட்டிருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்ன பதில் அது. மூத்த விற்பனையாளர் முரளி அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். அனுபவம் எழுதுகிற வயதா இவளுக்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நைனா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையும் தூக்குகிறவர். கமிட்டி பலகையில் ஏதாவது எழுதிப் போட்டால், பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். பக்கத்தில் நிற்கிறவர் தனக்குத் தோன்றியதைச் சொல்லுவார். நைனா அதை நம்பிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒன்று தெரியவில்லை என்றால் பக்கத்தில் நிற்கிறவரோடு விடமாட்டேன். அன்று சாயங்காலமே ஹோமுக்கும் புரோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வந்துவிடும். ஜெயராணி அக்காவுக்கு மெஷின் கொடுத்த கதையைச் சொல்கிறேன்.

ஜெயராணி அக்காவுக்கு அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். கடைக்கு அவர் வந்தபோது கூடவே கொழுந்தன் அந்தோணியும் வந்திருந்தார். பேசியது முழுக்க அந்தோணிதான். அக்கா ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"வீட்டுக்கு ஒரு லேப்டாப் வேணும் சார். மெட்ராசுல என் கூட்டாளி சொன்னான், வாங்கினா புரோ வாங்குடா, ஹோமெல்லாம் சும்மான்னு."

முரளி அண்ணனுக்கு இப்படிப்பட்ட ஆள்தான் பிடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மெல்லிசான வெள்ளி நிற லேப்டாப்பை எடுத்து வைத்தார். "இத பாருங்க, புதுசு. இதுல ஹோம்தான் வரும். ஆனா நான் புரோ போட்டுத் தந்துடறேன். நம்ம கடை சார்பா."

அந்தோணிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா அண்ணி" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் வேலை செய்யும் கடையிலும் இருக்கும். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, கடைக்காரர்தான் நாற்காலியில் உட்கார்ந்து முதல் தடவை ஆன் பண்ணுவார். வாங்கியவர் பின்னால் நின்று பார்ப்பார். திரையில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரரே பதில் போட்டுக்கொண்டு போவார். எந்த மொழி? ஆங்கிலம். எந்தக் கணக்கு? கடையின் மெயில். வாங்கியவர் பேரில் கணக்கு திறக்க நேரம் ஆகும் என்று எல்லா மெஷினுக்கும் கடையின் மெயிலையே போட்டுவிடுவது முரளி அண்ணனின் பழக்கம். இதில் கெட்ட எண்ணம் கிடையாது. பாவம், அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்றுதான் செய்தார். ஆனால் அப்படிக் கொடுத்த மெஷின் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். அது பூட்டிக்கொண்டால் வாங்கியவர் சாவிக்கு யாரிடம் போய் நிற்பார்?

அன்றைக்கும் பொட்டு வைத்து, சூடம் காட்டி, முரளி அண்ணன் உட்கார்ந்துவிட்டார். நான் பில் போடும் மேசையில் இருந்தேன். பேர் எழுத வேண்டும் என்பதால் அக்காவைக் கூப்பிட்டேன். பேர் கேட்டேன், ஊர் கேட்டேன். அப்புறம் பில்லுக்குத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டேன்.

"இதுல நீங்க இன்னா செய்யப்போறீங்க அக்கா?"

அவர் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார். அந்தோணி மரியாதைக்காகச் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அதனால் அக்காவே பேசினார்.

"டைப் அடிக்கறதுமா. தாலுக்கா ஆபீசாண்ட ஒரு சென்டர்ல இத்தினி வருஷமா மனு அடிக்கறன். தமிழ் எவ்ளோ வேகமா வேணா அடிப்பன். இங்கிலீசுதான் படிக்க வராது. அப்பப்ப பொட்டி மாரி ஒண்ணு வந்து இன்னாமோ கேக்கும் இல்ல, அது வந்தா முதலாளிய கூப்புடணும். அவரு, 'இதுகூடத் தெரியாதா'ன்னு அத்தினி பேரு முன்னால கேப்பாரு. தெனம் கேப்பாரு. அதான் வுட்டுட்டு வந்துட்டன். எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் மனு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு எல்லாம் வீட்லயே அடிச்சுக் குடுக்கலாம்னு. இனிமே யாரையும் கூப்புடாம நானே உக்காந்து செய்யணும், அவ்ளோதான்."

கடைசி வரியைச் சொல்லும்போது பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தப் பொட்டியில வர்ற எழுத்தெல்லாம் தமிழ்ல வர்ற மாரி ஒண்ணு இருக்குதாமே. இதுல வருமா?"

நாற்காலியில் இருந்தபடியே முரளி அண்ணன் சொன்னார். "வரும் வரும். தமிழ் அடிக்கலாம்."

அடிக்கலாம், அது உண்மை. எந்தப் பதிப்பிலும் தமிழ் அடிக்கலாம். அக்கா கேட்டது அது இல்லை. மெஷின் தன்னோடு தமிழில் பேசுமா என்று கேட்டார்.

நான் எழுந்து போய்ப் பிரித்துப் போட்டிருந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் சின்ன எழுத்தில் இருந்தது: ஹோம், சிங்கிள் லாங்குவேஜ். நம் கடைகளுக்கு வரும் விலை குறைந்த மெஷின்களில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். திரையில் வரும் மொழி ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் ஆங்கிலம் உட்கார்ந்த பிறகு தமிழைச் சேர்க்கப் போனால், உங்கள் உரிமத்துக்கு ஒரு மொழிதான் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். வெறும் ஹோமில் இந்தக் கட்டு கிடையாது, புரோவிலும் கிடையாது.

"இதுல வராது அக்கா" என்றேன்.

முரளி அண்ணன் திரும்பினார். "சத்யா, நீ பில்லப் போடு. நான் புரோ போட்டா எல்லா மொழியும் வரும்."

"வரும். அந்த புரோ எங்கிருந்து வருது அண்ணா?"

மேசை இழுப்பறையில் இருக்கும் பென் டிரைவை எனக்கும் தெரியும், கடையில் எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்காத புரோ. பூட்டை உடைத்து யாரோ இணையத்தில் போட்டது. அதற்குள் வேறு என்ன ஏற்றி வைத்திருக்கிறான் என்று பூட்டை உடைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். செஞ்சியில் பாதி வீட்டில் அதுதான் ஓடுகிறது என்று சொல்வார்கள். சினிமா பார்க்கிற வீட்டில் அது ஓடுவது ஒரு கதை. அக்காவின் மெஷினில் இரண்டு ஊர் ஜனங்களின் ஆதார் நகலும் பட்டா நகலும் இருக்கப்போகிறது. போதாததற்கு, அந்த புரோ ஒருநாள் திரையைக் கறுப்பாக்கிவிட்டு, நான் அசல் இல்லை என்று தானே சொல்லும். அதையும் ஆங்கிலத்தில் சொல்லும். அப்போது அக்கா யாரைக் கூப்பிடுவார்? முரளி அண்ணனை. சென்டர் முதலாளிக்குப் பதில் கடை முதலாளி, அவ்வளவுதான் மாற்றம்.

"அதப் போட்டா என் கையால பில் போட மாட்டேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் முதலாளி வாசலில் நிற்பதைப் பார்த்தேன். கடையில் அப்போது வேறு இரண்டு பேரும் பிரிண்டர் மை வாங்க நின்றிருந்தார்கள்.

"இன்னாம்மா தகராறு?" என்றார் முதலாளி.

சொன்னேன். இந்த மெஷின் இவருக்கு ஆகாது, மேல் தட்டில் இருக்கும் கறுப்பு மெஷினில் வெறும் ஹோம் இருக்கிறது, அதைக் கொடுக்கலாம் என்றேன். அந்தக் கறுப்பு மெஷின் தடியாக, பழைய மாடலாக, யாரும் கேட்காமல் தூசி படிந்து கிடந்தது. ஆனால் பெட்டி பிரிக்காதது.

முதலாளி என்னைத் தனியாக அழைத்துத் திட்டியிருக்கலாம். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். "பொட்டு வெச்சு சூடம் காட்டின மெஷின மாத்தறதா? ராசியே போயிடும். அதுக்கப்புறம் அத நான் எவன் தலையில கட்டறது?"

அந்தோணிக்கு வேறு கவலை. "ஹோம்னா கம்மிதானேம்மா? எங்க வீட்ல முதமுதல்ல வாங்கறது. கம்மியா வாங்கிட்டு வந்திருக்கான்னு ஊர்ல பேசுவானுங்க."

என்னைச் சுற்றி மூன்று ஆண்கள் நின்று மூன்று காரணம் சொல்கிறார்கள். வாங்குகிற பெண் ஓரமாக நிற்கிறார். இந்த இடத்தில் வேகமாகப் பேசி ஜெயிக்கத் தோன்றும். எனக்கும் வாய் துறுதுறு என்றுதான் இருந்தது. ஆனால் நான் அவர்களை ஜெயித்தால் நான்காவது ஆளாக நானும் அக்காவுக்காக முடிவு செய்துவிட்டேன் என்றுதான் ஆகும். அதனால் அந்தோணியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அண்ணா, உங்க வீட்ல எத்தினி ஆபீசு நடக்குது?"

"ஆபீசா?"

"புரோன்னா ஆபீசுக்கு. அம்பது மெஷின ஒருத்தர் ஒரே எடத்துல உக்காந்து கட்டி மேய்க்கறதுக்கு. வெளியூர்ல இருந்து ஆபீசு மெஷினத் தொறந்து வேல செய்யறதுக்கு. அது வேணும்னா காசு குடுத்து அசல் புரோவே வாங்குங்க, நானே பில் போடறேன். அண்ணிக்கு டைப் அடிக்கணும், பிரிண்ட் எடுக்கணும், அது தமிழ்ல பேசணும். அதுக்கு ஹோம் போதும். சிங்கிள் லாங்குவேஜ் இல்லாத ஹோம்."

"அம்பது மெஷினா" என்றார் அந்தோணி. "எங்க வீட்ல அம்பது கோழிகூட இல்ல." மை வாங்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

நான் மேல் தட்டில் இருந்து கறுப்பு மெஷினை இறக்கினேன். துடைத்தேன். பெட்டியைப் பிரிக்காமல் மேசையில் வெள்ளி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். "முரளி அண்ணா, கொஞ்சம் எழுந்துக்கோங்க" என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "உக்காருங்க அக்கா."

ஜெயராணி அக்கா அந்த நாற்காலியைப் பார்த்தார். எங்கள் கடையில் அந்த நாற்காலியில் வாங்க வந்தவர் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. தயங்கித்தான் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வெள்ளையில பொட்டி தமிழ்ல வராது?"

"அசலா வாங்கினதுல வராது."

"இந்தக் கறுப்புல எல்லாம் தமிழ்ல வந்துடுமா?"

"பாதிக்கு மேல வரும். எல்லாமே வராது அக்கா. அங்கங்க இங்கிலீசு எட்டிப் பாக்கும். நெட்டு போட்டு தமிழ எறக்கணும், அத இங்கியே உங்க கையால செய்யலாம்."

முதலாளி மறுபடியும் ஆரம்பித்தார். "அம்மா, நல்ல நாள்ல வந்திருக்கீங்க. பொட்டு வெச்சத வேணாம்னு சொல்லாதீங்க."

அக்கா முந்தானை நுனியை எடுத்தார். வெள்ளி மெஷினின் ஓரத்தில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பதறாமல் துடைத்தார்.

"நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க சார். வெச்சது நீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டா வெச்சீங்க?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கறுப்பப் பிரிம்மா. இல்ல, இரு. நானே பிரிக்கறன்."

அவரே பிரித்தார், அவரே ஆன் பண்ணினார். திரையில் கேள்வி வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று படித்துச் சொன்னேன், விரலை வைக்கவில்லை. கடை மெயில் வேண்டாம் என்று அவர் பேரிலேயே கணக்கு திறந்தோம். குறியீட்டு எண் அவர் போனுக்கே வந்தது. தமிழ் இறங்க வெகுநேரம் பிடித்தது. அந்தோணி போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார், முரளி அண்ணனுக்கும் சேர்த்து. மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டதும் திரையில் தமிழ் வந்தது. அக்கா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். 'அமைப்புகள்' என்று படித்தார். 'தேடு' என்று படித்தார்.

அவர்கள் போன பிறகு முதலாளி வெள்ளி மெஷினைக் காட்டினார். "இது உன் பாடு. வித்துட்டு எங்கூடப் பேசு. விக்கலன்னா வேற எடம் பாத்துக்க."

அந்த வேலை போயிருந்தால் நைனா மறுபடி ராத்திரி லோடுக்கும் போக வேண்டியிருக்கும். எனக்கு அது தெரியும். முதலாளிக்கும் தெரியும். பொய் சொன்னால் அந்த மெஷினை மறுநாளே விற்றிருக்கலாம், பெட்டியைத் திரும்ப ஒட்டத் தெரியாதவர்கள் எங்கள் கடையில் கிடையாது. நான் ஒட்டவில்லை. 'கடையில் பிரித்த மெஷின், ஆங்கிலம் மட்டும்' என்று ஒரு அட்டையில் எழுதி மேலேயே வைத்தேன். முரளி அண்ணன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "உன் சீட்ட நீயே கிழிச்சிக்கற" என்றார்.

பார்த்தவர்கள் எல்லாம் அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருநாள் அவலூர்பேட்டையில் இருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன், இதில் என்ன செய்யப்போகிறாய் என்று. பாடமெல்லாம் ஆங்கிலம், புரோகிராம் எழுத வேண்டும், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கனம் கூடாது என்றாள். வெள்ளி மெஷினைக் காட்டினேன். பொட்டு வைத்ததையும் துடைத்ததையும் சேர்த்தே சொன்னேன்.

"தொடச்சாச்சு இல்ல? அப்புறம் இன்னாக்கா?" என்றாள். அன்றே வாங்கிக்கொண்டு போனாள்.

சிங்கிள் லாங்குவேஜ் என்பது மோசமான சரக்கு இல்லை. புரோவும் அப்படித்தான். அந்தப் பெண்ணுக்குச் சரியாக இருந்தது அக்காவுக்குச் சிறையாகியிருக்கும். வாங்க வருகிறவர் எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருவார். அவரிடம் என்ன வேலை என்று நீங்கள் கேளுங்கள். கூட வந்தவரிடம் கேட்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் கேளுங்கள், சந்தனக் கிண்ணத்தைத் தொடுவதற்கும் முன்னால். விலை உயர்ந்ததை விற்கத் தெரிவதற்குப் பெயர் திறமை என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். "உங்களுக்கு ஹோம் போதும்" என்று முதலாளி காதில் விழும்படி சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும்.

சில மாதம் கழித்து ஜெயராணி அக்கா கடைக்கு வந்தார். முரளி அண்ணன், "பாத்தியா, ரிப்பேருக்கு வந்துடுச்சு" என்றார். அக்கா மெஷினைக் கொண்டுவரவில்லை. பிரிண்டருக்குத் தாள் வாங்க வந்திருந்தார்.

"இன்னாம்மா அது தமிழு?" என்று என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "எந்த ஊரு ஆளு எழுதினான் அத? நேத்து ஒரு பொட்டி வந்துச்சு. மூணு தடவ படிச்சன். ஒரு எழவும் புரியல."

"அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"நாலாவது தடவ படிச்சன். பிரிண்டரு ஒயரு கழண்டிருக்குதுன்னு சொல்லுது. அத ஒழுங்கா சொல்றதுக்கு இன்னா கேடு?" சிரித்தார். "யாரையும் கூப்புடல."

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். முரளி அண்ணன் திண்டிவனத்துக்குப் போகப்போகிறார், அந்த நாற்காலியை நீ எடுத்துக்கொள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் இழுப்பறையைக் காட்டினேன். "அந்த பென் டிரைவு?" என்றேன்.

"அது இல்லாம செஞ்சில கடை நடத்த முடியாதும்மா."

"நடத்திப் பாக்கறேன் சார்" என்றேன்.

சொந்தமாகக் கடை நடத்துவதைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கோபப்படவில்லை. "உன்னாண்ட எவன் வருவான்?" என்றார். முதல் நாள் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தாலுகா அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், மாடியில் ஓர் அறை எடுத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும், எனக்கு அதைப் பார்க்க நேரம் கிடைக்காது என்று நினைக்கிறேன். வெள்ளை அடித்தது நைனா. போர்டை மாட்டியதும் அவர்தான். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டபோது, பக்கத்தில் நின்று நானே படித்துச் சொன்னேன். என் பேர். அதற்குக் கீழே, 'எந்த விண்டோஸ் வாங்குவது? வந்து கேளுங்கள்.'

உள்ளே ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறேன். நாற்காலி வாங்க வருகிறவருக்கு. நான் நின்றுகொள்வேன்.